வயசான பூனைக்கு சுகர்: வீட்லயே வச்சுப் பாத்துக்கிட்ட அனுபவம்

எங்க சொக்கனுக்கு சுகர் இருக்குன்னு மொதல்ல காட்டிக்குடுத்தது எறும்புதான். ரெண்டாங்கட்டு மூலையில அவனோட மண் ட்ரே இருக்கும், அதச் சுத்தி திடீர்னு சாரசாரையா எறும்பு, அப்பத்தா பாத்துட்டு "இது சக்கர மூத்திரம்டா, ஒங்க ஐயாவுக்கும் இப்புடித்தான் தெரிஞ்சுச்சு, டாக்டருகிட்ட தூக்கிட்டுப் போ"ன்னு சொல்லிருச்சு. அதுக்கு முன்னாடியே தண்ணிச்சட்டி அடிக்கடி காலியாகிட்டு இருந்துச்சு, எம்புட்டு வச்சாலும் பசி அடங்கல, ஆனா தடவிக் குடுத்தா முதுகெலும்பு கையில தட்டுச்சு. பன்னெண்டு வயசு, கருத்தடை ஆபரேஷன் பண்ணுன கடுவன், கொஞ்ச நாள் முந்தி வரைக்கும் நல்ல குண்டு. இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் அதிகமா வருமாம். பூனைக்கு வர்றது பெரும்பாலும் நம்ம டைப் 2 மாதிரிதான், ஆனா நமக்குக் குடுக்குற மெட்ஃபார்மின் எல்லாம் அதுங்களுக்குப் பெருசா வேலைக்காகாது, பெரும்பாலும் நேரா இன்சுலின்தான்.

ரெண்டு வருஷத்துக்கு மேலாச்சு, காரைக்குடியில வீட்லயே வச்சுத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். என்னையக் கேட்டா இதுல ஊசி போடுறது பெரிய விஷயமே இல்ல, வீட்லயே சுகர் பாக்குறதுதான் எல்லாமே. ஏன்னா பூனைக்கு பயந்தாலே சுகர் ஏறிரும். கூடையில அடைச்சு, ஹாரன் சத்தத்துல ஆட்டோவுல கொண்டுபோயி, நாய் கொரைக்கிற ரூம்ல காக்க வச்சு ரத்தம் எடுத்தா வியாதியே இல்லாத பூனைக்குக்கூட 300க்கு மேல காட்டலாம். அதுக்குத்தான் ஃப்ரக்டோசமைன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, போன ரெண்டு மூணு வாரத்து நெலவரத்த சொல்லும். நாங்க ஆரம்பத்துல போன ஒரு கிளினிக்ல அதெல்லாம் பேச்சே இல்ல, போறப்பல்லாம் 380, 400னு வரும், போறப்பல்லாம் இன்சுலின் யூனிட்ட ஏத்துவாங்க. மீட்டர் வாங்கி வீட்ல மதியம் பாத்தா 90க்குப் பக்கத்துல நிக்கிது! இன்னும் ஒரு யூனிட் ஏத்தியிருந்தா புள்ள என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் கோவமா வருது. அப்பறம் வேற டாக்டரப் புடிச்சோம், அவங்க வீட்டு ரீடிங்க நோட்டுல எழுதி வாட்ஸப்ல அனுப்பச் சொன்னாங்க, அதுல இருந்துதான் வண்டி நேரா ஓட ஆரம்பிச்சுச்சு. பெரிய டெஸ்ட் ஏதும் வேணும்னா நம்ம பக்கத்துக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

காதுல ரத்தம் எடுக்குறத கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா எல்லாரும் பயப்படுறது இங்கதான். காது மடலோட வெளி ஓரத்துல ஒரு மெல்லிசு ரத்த நரம்பு ஓடும், பின்னாடி செல்போன் டார்ச் அடிச்சா செவப்புக் கோடாத் தெரியும். அந்த நரம்பையே குத்தக் கூடாது, அதுக்கும் ஓரத்துக்கும் நடுவுல குத்தணும். காது சில்லுன்னு இருந்தா ரத்தமே வராது, பழைய வேட்டித் துணிய வெதுவெதுப்பான தண்ணியில நனச்சு பிழிஞ்சு கொஞ்ச நேரம் ஒத்தி வச்சுட்டு நல்லாத் தொடச்சிரணும், ஈரம் இருந்தா ரீடிங் தப்பா வரும். பொட்டு வாஸ்லின் தடவிக்கிட்டா ரத்தம் முடியில பரவாம கடுகு அளவுக்கு உருண்டு நிக்கும், ஸ்ட்ரிப்ப பக்கத்துல கொண்டுபோனா அதுவே உறிஞ்சிக்கும். மடலுக்கு அடியில பஞ்சு வச்சுக்கங்க, இல்லன்னா நம்ம வெரல்லதான் குத்தும். முடிஞ்சதும் பஞ்ச வச்சு பத்து பதினஞ்சு எண்ணுற வரைக்கும் அமுத்திப் புடிச்சாத்தான் காது கன்னிப்போகாது. அப்பறம் உப்பில்லாம அவிச்ச கோழித்துண்டு ஒண்ணு, அது ஒவ்வொரு தடவையும் கண்டிப்பா குடுக்கணும். இப்பல்லாம் மீட்டர் டப்பா தொறக்குற சத்தம் கேட்டாலே சொக்கன் முகப்புல இருந்து ஓடி வந்து நான் ஒக்கார்ற பாயில ஏறி ஒக்காந்துக்குவான்.

மீட்டர் எதுன்னா, ஆல்ஃபாட்ராக்னு மிருகங்களுக்குன்னே இருக்கு, ஸ்ட்ரிப் கெடைக்கிறதும் வெலையும்தான் பிரச்சன. நாங்க மனுஷங்களுக்கு உள்ள சாதா மீட்டர்தான் வச்சிருக்கோம். ஆனா அது பூனைக்கு நெசத்தவிடக் கம்மியா காட்டும், நம்ம ரத்தத்துல குளுக்கோஸ்ல 42 சதவீதம் செவப்பணுக்குள்ள இருக்கும், பூனைக்கு 7தான், மிச்சம் பூரா பிளாஸ்மாவுல. மீட்டர் நம்ம கணக்குக்கு செஞ்சது. அதனால எந்த மீட்டர்னு டாக்டர்ட்ட சொல்லிட்டு அந்த ஒரே மீட்டரையே தொடர்ந்து வச்சுக்கங்க, மாத்தி மாத்திப் பாத்தா கணக்கு கொழம்பிரும். தோல்ல ஒட்டுனா தானாவே சுகர் பாக்குற ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரும் பூனைக்கு ஒட்டுறாங்க, 14 நாள் கணக்கு. எங்காளு அத நக்கியே பிச்சு எடுத்துட்டான்.

இப்ப ரொம்ப முக்கியமானது, சிரிஞ்சு கலரு. அப்பத்தாவுக்கும் சுகர், அது போடுறது மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் பாட்டில், அதுக்கு செவப்பு மூடி சிரிஞ்சு. சொக்கனுக்கு கிளார்ஜின்னு ஒரு இன்சுலின், அது மில்லிக்கு 100 யூனிட், அதுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. ரெண்டும் ஒரே ஃப்ரிட்ஜுல. கிளார்ஜின செவப்பு மூடி சிரிஞ்சுல 1 கோடு வரைக்கும் எடுத்தா உள்ள இருக்கிறது ஒரு யூனிட் இல்ல, ரெண்டரை யூனிட். நாலு கிலோ பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து. மெடிக்கல் ஷாப்புல "இன்சுலின் சிரிஞ்சு"ன்னு கேட்டா பழக்கத்துல செவப்ப எடுத்து நீட்டிருவாங்க, பிரிச்சுப் பாத்து வாங்குங்க. எங்க வீட்ல அப்பத்தாவோடது எவர்சில்வர் டப்பாவுல மேல் தட்டு, சொக்கனோடது பிளாஸ்டிக் டப்பாவுல கீழ் தட்டு, ஃப்ரிட்ஜ் கதவுல ரெண்டுமே கெடையாது. அர யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சு இங்க கடையில கெடைக்கல, ஆன்லைன்ல வாங்குறோம். பூனைக்கு அர யூனிட்டே பெரிய வித்தியாசம், அதனாலதான் ஒவ்வொரு யூனிட்டா ஏறுற இன்சுலின் பேனா எங்களுக்கு ஒத்து வரல. கிளார்ஜின குலுக்கக் கூடாது, எதையும் ஊத்திக் கலக்கவும் கூடாது.

ஊசி போடுறது, காலையில ஆறு, சாயங்காலம் ஆறு, சாப்புடும்போது தோலத் தூக்கிப் போட்டுரலாம், அவன் நிமிந்துகூட பாக்க மாட்டான்.

சாப்பாட்டுலதான் வீட்ல பெரிய போராட்டம். பூனைக்கு மாவுச்சத்து தேவையே இல்ல, ஆனா நம்மூருல பூனைன்னாலே பால்சோறு. கடை ட்ரை ஃபுட்லயும் பலதுல மாவு அதிகம், பாக்கெட்ல புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் அஞ்சையும் கூட்டி நூறுல கழிச்சா மிச்சம்தான் மாவு. நாங்க மெல்ல மெல்ல மாவு கம்மியான வெட் ஃபுட்டுக்கு மாத்துனோம், டாக்டருக்கு சொல்லிட்டுத்தான், ஏன்னா மாவு கொறஞ்சா இன்சுலின் தேவையும் கொறஞ்சிரும், பழைய டோஸையே போட்டா சுகர் ரொம்ப எறங்கிரும். வெறும் அவிச்ச கோழிய மட்டும் வச்சு ஓட்ட முடியாது, கால்சியம், பூனைக்கு அவசியமான டாரின்னு ஒரு சத்து எல்லாம் பத்தாது. நம்ம கொழம்புல கெடந்த கறிய கழுவிப் போடுறதும் வேணாம், வெங்காயமும் பூண்டும் பூனையோட ரத்தத்தையே அழிக்கும், செட்டிநாட்டு மசாலாவுல அது ரெண்டும் இல்லாம என்ன இருக்கு. வளவு (வீட்டு நடு முத்தம்) வழியா ஓட்டுல ஏறி பக்கத்து வீட்ல கருவாடும் சோறும் தின்னுட்டு வந்துக்கிட்டு இருந்தான், வளவுக்கு மேல கம்பிவல அடிச்சதுக்கப்பறம்தான் நோட்டுல நம்பர் ஒழுங்கா வந்துச்சு.

சுகர் எறங்குறதுதான் ஏறுறதவிட பயம். ஒரு நா சாயங்காலம் சாப்புட்டு ஊசி போட்டதும் மொத்தத்தையும் வாந்தி எடுத்துட்டான், கொஞ்ச நேரத்துல தள்ளாடுறான், கூப்புட்டா திரும்பல, பாத்தா 48. தேன வெரல்ல தொட்டு ஈறுல தேச்சோம், வாயில ஊத்தக் கூடாது, பொரையேறிரும். கொஞ்சம் தெளிஞ்சதும் சாப்பாடு குடுத்துட்டு டாக்டருக்கு ஃபோன், விடிய விடிய அடிக்கடி சுகர் பாத்தோம். அதுல இருந்து முகப்புல ஒரு தேன் பாட்டில், அடுப்படியில ஒண்ணு. இன்னொண்ணு, சாப்புடல, சோந்து கெடக்குது, வாந்தி, சுகரும் அதிகம்னா காத்திருக்கக் கூடாது, கீட்டோன், அதாவது ஒடம்பு சர்க்கரைக்குப் பதிலா கொழுப்ப எரிக்கிறப்ப வர்ற அமிலம், ஏறியிருக்கலாம். மூத்திரத்துல பாக்குற கீட்டோன் ஸ்ட்ரிப் மெடிக்கல்லயே கெடைக்கும், வாங்கி வச்சுக்கங்க.

பின்னங்கால் பத்தி சொல்லணும். சுகர் நரம்பத் தாக்குனா பூனை வெரல்ல நடக்காம குதிகாலத் தரையில வச்சு நடக்கும். எங்க வீட்டுப் பட்டாலை பூரா ஆத்தங்குடிக் கல்லு, கண்ணாடி மாதிரி வழுவழுன்னு, சொக்கன் எந்திரிக்கப் பாக்க ரெண்டு காலும் பக்கவாட்டுல விரிஞ்சு போகும், பாக்கவே மனசு தாங்கல. தண்ணிச்சட்டியில இருந்து ட்ரே வரைக்கும் கயித்துப்பாய் போட்டோம், டாக்டர் மெத்தில்கோபாலமின்னு ஒரு வகை B12 வைட்டமின் எழுதிக் குடுத்தாங்க. சுகர் கட்டுக்குள்ள வந்து மாசக்கணக்குல ஆச்சு, ஆனா கால் நிமிந்துருச்சு, இப்ப திண்ணையில தானாவே தாவி ஏறுறான்.

கோடையில கரண்ட் போனா இன்சுலின தண்ணி படாம டப்பாவுல போட்டு, ஈர மணல்ல பொதச்ச சின்ன மண்பானையில வச்சிருவோம், நம்மூரு வறண்ட காத்துக்கு நல்லாவே குளுந்து இருக்கு. ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, ஒறஞ்சா வீண். வெளியூர் கல்யாணம்னா எதுத்த வீட்டு கம்பவுண்டர் அண்ணன் வந்து போட்டுருவாரு, அவரு கை செவப்பு மூடிக்குப் பழகுனது, அதனால ஆரஞ்ச மட்டும் வெளிய வச்சு, "அண்ணே இதுல ஒன்றரை யூனிட், சாப்புடலைன்னா போடாம எனக்கு ஃபோன் பண்ணுங்க"ன்னு எழுதி ஒட்டிட்டுப் போவோம்.

சில பூனைங்களுக்கு சீக்கிரமே நல்லாக் கட்டுப்படுத்துனா இன்சுலினே வேணாங்குற நெலமை வரும். சொக்கனுக்கு அப்புடி வரல, மூணுல இருந்து ஒன்றரை யூனிட்டுக்கு எறங்கி நிக்கிது, எங்களுக்கு அதுவே போதும். அமெரிக்காவுல 2022ல பெக்சாக்ளிஃப்ளோசின்னு மாத்திரையும், 2023ல வெலாக்ளிஃப்ளோசின்னு வாயில குடுக்குற மருந்தும் பூனைக்கு அனுமதிச்சிருக்காங்க, ஆனா ஏற்கனவே இன்சுலின் போட்டுக்கிட்டு இருக்குற பூனைக்கு அது கெடையாது, அதனால யாரும் சொன்னாங்கன்னு நீங்களா மாத்திராதீங்க.

போட்ட ஊசிய குப்பையில போடாதீங்க, அள்ளுறவங்க கையில குத்திரும். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்ல சேத்து மூடி ஆஸ்பத்திரிக்கு போறப்ப குடுத்துருங்க, அப்பத்தாவோடதும் சொக்கனோடதும் எங்களுக்கு ஒரே பாட்டில்தான்.