பட்டுக்கோட்டைப் பயணம்: பாப்பாவின் தொப்புளும் ஆரம்ப சுகாதார நிலையமும்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேரம். அங்கிருந்து பட்டுக்கோட்டை பக்கம் மாமனார் ஊருக்குக் காரில் இரண்டரை மணி நேரம். தலைப்பிரசவத்துக்கு மனைவி அம்மா வீட்டில் இருந்தாள். மகள் பிறந்த 19ஆம் நாள்தான் அவளைக் கையில் வாங்கினேன். மூன்று வார லீவில் முதல் பாதி அவள் தொப்புளைப் பார்த்துக் கவலைப்பட்டதிலேயே போய்விட்டது.

கொடி பத்தாம் நாளே விழுந்துவிட்டதாம். ஆனால் தொப்புள் காயவில்லை, சட்டையில் மஞ்சளாக ஈரம் ஒட்டியது. வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் உள்ளே மிளகு அளவுக்குச் சிவப்பாக, பளபளவென்று ஒரு சதை. தொட்டாலும் பிள்ளை அழவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. வசம்பைச் சுட்டுப் பொடித்துப் போடலாம் என்றார் அத்தை. மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். வசம்புக்கு எங்கள் பக்கம் பிள்ளை வளர்ப்பான் என்றுதான் பெயர். ஆனாலும் ஆறாத புண்ணில் சாம்பலைப் போட மனம் ஒப்பவில்லை.

டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. பவுடர், ஆன்டிபயாடிக் சிரப், ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்து, "சரியாகலைன்னா வெட்டி எடுக்கணும்" என்றார்கள். இது என்ன என்று கேட்டதற்கு இன்ஃபெக்ஷன் என்பதோடு சரி. பணம் போனதில் எனக்கு வருத்தமில்லை. பிரசவித்து மூன்று வாரமே ஆன பச்சை உடம்புக்காரி அன்று இரவெல்லாம் தூங்காமல் அழுதாள், அதைத்தான் மறக்க முடியவில்லை.

மறுநாள் கிராம சுகாதார செவிலியர் வந்தார். பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கே வந்து பார்ப்பது அரசுத் திட்டம். அன்று 21ஆம் நாள். பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, தொப்புளைச் சுற்றி மெதுவாக அழுத்திப் பார்த்தார். அப்புறம் வரிசையாகக் கேள்விகள்: தொப்புள் வழியாக மூத்திரம் சொட்டுகிறதா? மலம் மாதிரி ஏதாவது வருகிறதா? காய்ச்சல் உண்டா? பால் நன்றாகக் குடிக்கிறாளா? "பயப்படாதீங்க தம்பி, சதை வளர்ச்சி மாதிரிதான் இருக்கு. டாக்டரம்மா ஒருதரம் பார்த்துடட்டும். நாளைக்குப் புதன்கிழமை, ஊசி போடுற கூட்டமா இருக்கும். வியாழன் காலையில வாங்க" என்றார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார இடம் போதவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இதன் பெயர் அம்பிலிகல் கிரானுலோமா. கொடி விழுந்த இடத்தைத் தோல் மூடுவதற்குள், புண்ணை ஆற்ற வரும் சதை கொஞ்சம் கூடுதலாக வளர்ந்துவிடுகிறது. அதில் நரம்பு இல்லை, அதனால் வலிக்காது. சாதாரண சமையல் உப்பே போதும் என்றார்.

அவரே செய்து காட்டினார். தொப்புளை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, ஒரு சிட்டிகை தூள் உப்பு அந்தச் சதை மேல் மட்டும். மேலே சுத்தமான காஸ் துணி. இருபது நிமிடம் கழித்து உப்பு தங்காமல் துடைத்து ஈரம் ஒற்றிவிட வேண்டும். காலையும் மாலையும், ஐந்து நாள். உப்பு சதையிலிருக்கும் நீரை இழுத்துக்கொள்வதால் அது சுருங்கி உலர்கிறது. தொப்புளுக்குள் எண்ணெய், பவுடர், வசம்பு எதுவும் போகக்கூடாது. டயப்பரைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்ட வேண்டும்.

சிங்கப்பூரில் நண்பர் மகனுக்கு இதையே சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டுக் கருக்கினார்கள். அது நல்ல தோலில் பட்டால் சுட்டுவிடும் என்பதால் சுற்றிலும் வாசலின் தடவினார்களாம். உப்பில் கேட்காவிட்டால் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கு எழுதித் தருவதாக டாக்டரம்மா சொன்னார். எதற்கும் மசியாமல் நின்றால் அது குடல் சதையின் மிச்சமாகவோ, குடலுக்கோ மூத்திரப் பைக்கோ போகும் குழாய் மூடாமல் நிற்பதாகவோ இருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சைதான். அதனால் டாக்டர் பார்க்காமல் யாரும் வீட்டில் உப்பை வைத்துவிடாதீர்கள். தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்து பரவினாலோ, வீங்கினாலோ, நாற்றம், காய்ச்சல் இருந்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ அது தொற்று. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், 108ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104.

இரண்டாம் நாள் சதையின் பளபளப்பு போனது. நான்காம் நாள் வாடிய துளசி விதை மாதிரி ஆனது. 28ஆம் நாள் நர்சம்மா வந்தபோது ஈரமே இல்லை. இந்த உப்பு வைத்தியத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. நான் ஏறப்போகும் விமானம் 40ஆம் நாள். 42ஆம் நாள் அவர் வரும்போது வீடியோ காலில் என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.