முக நரம்பு வலியும் மதுரை ஸ்கேனும்

நான் வசிக்கும் டொராண்டோவில் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மதுரையில் காலையில் டோக்கன் வாங்கி, மாலையில் எம்ஆர்ஐ எடுத்து, மறுநாளே அறுவை மருத்துவர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முக நரம்பு வலி. வலது கன்னத்தில் ஷாக் அடித்தது போல வலி. ஃபேன் காற்று பட்டாலே போதும். முகம் கழுவுவதும் இட்லி மெல்லுவதும்கூட யோசித்துச் செய்கிற வேலை. (பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் இந்த நோயில் நிறையப் பேர். என் பல் தப்பித்தது.)

வேகம் நல்லதுதான். ஆனால் முடிவும் அதே வேகத்தில் வந்துவிடுகிறது. முதலில் போன தனியார் மருத்துவமனையில், "ரத்தக்குழாய் நரம்பை அழுத்துது. வியாழக்கிழமை வெச்சுக்கலாமா? லீவு முடியறதுக்குள்ள கிளம்பிடலாம்" என்றார்கள். பேக்கேஜ் கட்டணத் தாளும் கைக்கு வந்துவிட்டது. என்ன மாத்திரை, எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

பெரியம்மா மகன் விடாமல் இன்னொரு மருத்துவரிடம் கூட்டிப்போனான். சின்ன கிளினிக், வாசலில் செருப்புக் குவியல். அவர் முதலில் கேட்டதே மாத்திரையைப் பற்றித்தான். கார்பமசெபின், தினம் 400 மில்லிகிராம் என்றேன். வலி அடங்குதா? பெரும்பாலும். தலைசுற்றல்? கொஞ்சம். "அப்புறம் எதுக்கு அவசரம்?"

ரத்தக்குழாய் நரம்பைத் தொடுவது வலியே இல்லாதவர்கள் ஸ்கேனிலும் தெரியுமாம். மாத்திரைக்கு வலி அடங்காமல் போனாலோ, வலியை அடக்கும் அளவுக்குக் கூட்டினால் தாங்க முடியாத தள்ளாட்டமோ ரத்தத்தில் சோடியம் குறைவோ வந்தாலோ அறுவை பற்றிப் பேசலாம். அந்த நிலை வந்த பிறகு வருடக்கணக்கில் இழுத்தடிக்கவும் கூடாது, நாள்பட்டால் பலன் குறையலாம் என்றார்.

அறுவை என்றால், காதுக்குப் பின்னால் மண்டை ஓட்டில் சிறு துளை போட்டு, நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே டெஃப்லான் துண்டு வைப்பார்கள். காது கேளாமல் போவது, மூளைத் தண்ணீர் கசிவது, முகம் மரத்துப்போவது எல்லாம் குறைவாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும். மயக்க மருந்து தாங்காதவர்களுக்கு ஊசி வழியே நரம்பைச் சுடுவது, காமா நைஃப் (கத்தி இல்லாமல் நரம்பைக் குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுப்பது) என்று வேறு வழிகள் உண்டு. காமா நைஃபில் வலி குறையவே வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். இன்னொன்று: மண்டையைத் திறந்தால் உள்ளே காற்று தங்கும், அது வடியும் முன் விமானம் ஏறக் கூடாது. வியாழக்கிழமைக்காரர்கள் இதைச் சொல்லவே இல்லை.

மாத்திரையோடுதான் திரும்பினேன். ஊரில் ஸ்கேன் எடுப்பவர்கள் ஃபிலிமோடு நிற்காமல் சிடியும் கேட்டு வாங்குங்கள், நான் போன இடத்தில் கேட்ட பிறகுதான் தந்தார்கள். டொராண்டோ மருத்துவர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு இன்னொரு எம்ஆர்ஐ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.