ஈவென்ட்டா, போலிங்கா? கேமில் இன்புட் வாங்கும் வழிகள்

ஸ்பேஸ் கீயைத் தட்டியதை கேம் இரண்டு வழியில் தெரிந்துகொள்ளலாம். வரிசையில் வந்து நிற்கும் ஈவென்ட்டை (‘இது நடந்தது’ என்று சொல்லும் செய்தியை) எடுத்துப் படிப்பது ஒன்று. ஃபிரேமுக்கு ஃபிரேம் ‘கீ இப்போது அழுந்தியிருக்கிறதா’ என்று நாமே பார்ப்பது இன்னொன்று, இதுதான் போலிங்.

நடப்பதற்கு போலிங்தான் சரி. கீ ஈவென்ட் வரும்போதெல்லாம் 5 பிக்சல் நகர்த்து என்று எழுதிப் பாருங்கள்: ஆள் ஓரடி வைத்து, கொஞ்சம் தயங்கி, அப்புறம் தடதடவென்று ஓடுவான். கீயை அழுத்திப் பிடித்தால் அதே ஈவென்ட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும் கீ ரிப்பீட்டின் வேலை அது; டைப் செய்பவர்களுக்காக இயங்குதளம் தருவது.

குதிப்பது, சுடுவது இதற்கெல்லாம் ஈவென்ட். விநாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் சுமார் 33 மில்லிவிநாடி. அதற்குள் தட்டி விட்டுவிட்டால் போலிங்குக்கு அது தெரியாமலே போகலாம். ரிப்பீட்டாக வருவதை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். எஸ்டிஎல் 2 என்ற கேம் நிரல் நூலகத்தில் அதற்கென்றே ஒரு குறி ஈவென்ட்டுக்குள் இருக்கிறது.

கேம்பேட் ஸ்டிக் வேறு ரகம். எஸ்டிஎல்-இல் ஓர் அச்சின் மதிப்பு -32768 முதல் 32767 வரை. கையை எடுத்தாலும் சரியாக 0-க்குத் திரும்பாது. டெட் சோன் (மையத்தருகே அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) வைக்காவிட்டால் ஆள் தானாக நகர்வான். விண்டோஸின் கன்ட்ரோலர் ஏபிஐயான (நிரல் இடைமுகமான) எக்ஸ்இன்புட் இடது ஸ்டிக்குக்குச் சொல்லும் அளவு 7849, அதாவது வீச்சில் ஏறக்குறைய கால்வாசி. அதற்குக் கீழே உள்ளதை வெறுமனே வெட்டினால், எல்லையைத் தாண்டியதும் வேகம் 0-இலிருந்து நேராகக் கால்வாசிக்குத் தாவும். மீதி வீச்சை 0 முதல் 1 வரை நீட்டிக்கொள்ள வேண்டும். எக்ஸ், ஒய் இரண்டையும் தனித்தனியாக வெட்டுவதும் வேண்டாம், லேசான சாய்வுகள் நேர்கோட்டில் ஒட்டிக்கொள்ளும். மையத்திலிருந்து உள்ள தூரத்தைப் பாருங்கள்.

எஸ்டிஎல்-இல் ஜாய்ஸ்டிக் ஏபிஐ, கேம் கன்ட்ரோலர் ஏபிஐ என்று இரண்டு உண்டு (பின்னது எஸ்டிஎல் 3-இல் கேம்பேட் ஆகிவிட்டது). முன்னது ‘பட்டன் 2’ என்று எண்ணை மட்டும் சொல்லும். அது எந்த பட்டன் என்பது பேடுக்குப் பேடு மாறும். பின்னது மேப்பிங் (எந்த எண் எந்த பட்டன் என்ற பட்டியல்) வைத்துப் பெயரோடு தரும். என் ஓட்டு பின்னதற்கே. விமான ஸ்டிக், ஸ்டியரிங் வீல் என்றால் மட்டும் ஜாய்ஸ்டிக் ஏபிஐ பக்கம் போக வேண்டும்.

பிரவுசர் கேம் எழுதுபவருக்கு, கேம்பேடைப் பொறுத்தவரை, ஈவென்ட்டா போலிங்கா என்ற தேர்வே பெரிதாக இல்லை. கேம்பேட் இணைந்தது, பிரிந்தது என்பதற்கு ஈவென்ட் வரும். பட்டன்களைப் போலிங்கில்தான் படிக்க வேண்டும். முந்தைய ஃபிரேமின் நிலையைச் சேமித்து ஒப்பிட்டால் ‘இப்போதுதான் அழுத்தினார்’ என்பது கிடைக்கும்.