2304 கேட்ட இடத்தில் 2048

மூன்று வாரம் ஊரில் இருந்தேன். அம்மாவின் கண் ஆபரேஷன், பேங்க் வேலை, ஆதாரில் விலாசம் மாற்றுவது எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஜெர்மனிக்குத் திரும்பி வந்து பத்து நாளாகியும் மனதில் ஓடிக்கொண்டிருப்பது சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய, கேம் ஓடுவதற்காகக் கம்ப்யூட்டரில் மாட்டும் ஒரு செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டுதான்.

அக்கா மகன் இந்த வருஷம் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான். கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "மாமா, ஒரு கார்டு மட்டும் வாங்கிக் கொடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்." ஆபீஸ்களில் கழித்த பழைய ஐ5 கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, நல்ல எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) ஒன்றைத் தன் சேமிப்பில் மாட்டி வைத்திருந்தான். மானிட்டர் சாதாரண 1080பி. விளையாடுவது வேலோரண்ட், ஜிடிஏ 5, கொஞ்சம் கவுண்டர் ஸ்ட்ரைக். இதற்குப் புது கார்டு தேவையே இல்லை, பழையதில் நல்லதாகப் பார்த்து எடுத்தால் போதும் என்று நான்தான் சொன்னேன்.

பழைய கார்டு என்றால் என் கால் தானாக ரிச்சி தெருவுக்குத்தான் போகும். 2003-ல் முதல் கார்டு அங்கேதான் வாங்கினேன். அப்போது கடைக்குக் கடை ஜெராக்ஸ் எடுத்த விலைப்பட்டியல் கொடுப்பார்கள். நாலு கடைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, டீக்கடை வாசலில் நின்று பேனாவால் வட்டம் போட்டு ஒப்பிட்டுத்தான் உள்ளே போவோம். ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440 கேட்டுப் போன என்னிடம் கவுண்டரில் இருந்த பெரியவர், "தம்பி, பேருலதான் நாலு. உள்ள இருக்கறது பழைய ஜிஃபோர்ஸ்2 வழி. புது கேம்ல தண்ணி பளபளக்குதே, அதெல்லாம் இதுல வராது" என்றார். உண்மைதான். அதில் நிரல் எழுதக்கூடிய ஷேடர், அதாவது ஒளியையும் பளபளப்பையும் கணக்கிடும் பகுதி, கிடையாது. தெரிந்தும் காசு அவ்வளவுதான் இருந்ததால் அதையே வாங்கினேன். பெயர் மறைத்ததைக் கவுண்டரில் இருந்த மனிதர் மறைக்கவில்லை. அந்த நம்பிக்கையில்தான் இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தத் தெருவைத் தேடிப் போனேன்.

இப்போது அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். தெரு மாறியிருக்கிறது, மாறவும் இல்லை. சிசிடிவி கேமரா, எல்இடி பட்டை, மொபைல் கவர் எல்லாம் நிறைய வந்துவிட்டன. மீரான் சாகிப் தெருப் பக்கம் நுழைந்தால் அதே சால்டரிங் வாசனை. நடுத்தெருவில் பைக்கை நிறுத்திவிட்டு அதன் மேலேயே பார்சல் கட்டுகிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது.

போகிக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம். முதல் மாடியில் ஒரு கடை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 கார்டு, நினைவகம் 8 ஜிபி, ஆறாயிரத்து ஐந்நூறு. பக்கத்துக் கடையில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி, ஏறக்குறைய அதே விலைதான். இரண்டும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லாத கார்டுகள். 1060 வந்தது 2016-ல், 120 வாட் போதும். 580 வந்தது 2017-ல், 185 வாட் குடிக்கும், ஆனால் நினைவகம் 8 ஜிபி. இப்போதைய கேம்களில் கையைக் கடிப்பது பெரும்பாலும் நினைவகம்தான். அதனால் 580 என்று முடிவு செய்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. 1060 இருக்கும் பாஸ்கல் வரிசைக்கு என்விடியா 2025 அக்டோபரோடு புது கேம்களுக்கான டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஏஎம்டியும் 580-ன் வரிசையை 2023-லேயே குறைந்த கவனிப்புக்குத் தள்ளிவிட்டது என்பதையும் நான் அப்போது எடை போட்டிருக்க வேண்டும். ஆசையில் விட்டுவிட்டேன்.

கடையில் டெஸ்ட் பெஞ்சில் மாட்டிக் காட்டினார்கள். படம் வந்தது, ஃபர்மார்க் என்ற சோதனை இரண்டு நிமிஷம் ஓடியது, ஃபேன் சுற்றியது. "வேற பாக்கணுமா சார்?" என்று கேட்டபோது பின்னால் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பணத்தைக் கொடுத்தேன். பில்லில் சீல்: "டெஸ்டிங் வாரண்டி 3 நாள்".

வீட்டுக்கு வந்து மாட்டி, கார்டின் விவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்தோம். ஷேடர் என்ற கட்டத்தில், அதாவது படத்தைக் கணக்கிடும் அலகுகளின் எண்ணிக்கையில், 2048 என்று இருந்தது. உண்மையான 580-ல் அது 2304 இருக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆர்எக்ஸ் 570-ல் இருப்பது 2048. 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்கென்று அதே 2048 அலகுகளோடு 580 என்ற பெயரில் ஏஎம்டி ஒன்றை விட்டது. அங்கே கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங் கூடங்களில் உழைத்த கார்டுகள், 2022 செப்டம்பரில் ஈதரியம் என்ற நாணயம் மைனிங் முறையையே கைவிட்ட பிறகு, உலகம் முழுக்கப் பழைய சரக்காகக் கொட்டின. மேலே ஒட்டிய ஸ்டிக்கர் 580 என்றுதான் சொல்லும். அது பொய்யும் இல்லை. ஆனால் ஒன்பதில் ஒரு பங்கு அலகு குறைவு. 570 விலைக்குக் கொடுத்தால் நல்ல கார்டுதான், தாராளமாக வாங்கலாம். 580 விலைக்கு 570-ஐ வாங்க நான் கடல் தாண்டி வரவில்லை.

"பரவால்ல மாமா, ஓடுதுல்ல" என்றான் பையன். அந்த "பரவால்ல" தான் எனக்கு ஆறவே இல்லை.

மறுநாள் போகி. கடைக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. அப்புறம் பொங்கல், மாட்டுப் பொங்கல், சனிக்கிழமை காணும் பொங்கல், அடுத்தது ஞாயிறு, தெருவுக்கே லீவு. மூன்று நாள் வாரண்டி, ஐந்து நாளும் கடை மூடியிருக்கும்போது வீட்டிலேயே கரைந்து போனது. எனக்கு வியாழக்கிழமை ஃபிளைட். கரும்பைக் கடித்துக்கொண்டே அந்த 2048-ஐத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போதே போய் நின்றோம். "580 தானே சார் கேட்டீங்க, 580 தானே குடுத்தோம்?" "பில்லுல என்ன போட்டிருக்கு பாருங்க." "மூணு நாள் முடிஞ்சுது சார்." மூன்றையும் மாற்றி மாற்றி ஒன்றரை மணி நேரம் சொன்னார்கள். ஐந்து நாளும் கடையே மூடியிருந்ததே என்றால், "பண்டிகைக்கு நாங்க என்ன பண்றது?" என்கிறான் கடைப் பையன். என் மருமகன் வயசுதான் இருக்கும். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை.

ஜெர்மனியில் இணையத்தில் கடைக்காரரிடம் வாங்கினால் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். பழைய பொருளாக இருந்தாலும் ஒரு வருஷமாவது கடை பொறுப்பேற்க வேண்டும். தனி ஆள் விற்றால் அந்தப் பொறுப்பை விலக்கிக்கொள்ளலாம், அப்போதும் சொன்ன விவரம் தவறாக இருந்தால் தப்ப முடியாது. நம் ஊரில் சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாள். குறித்திருந்தால் குறித்த காலம். அந்த "3 நாள்" சீலின் வேலை இதுதான். பணம் கொடுக்கும் முன் அந்தச் சீலைப் படியுங்கள், பண்டிகைக்கு முன்னால் வாங்குகிறீர்கள் என்றால் தேதியைக் கையால் எழுதி வாங்குங்கள்.

கடைசியில் முதலாளி வந்தார். ரொக்கம் கிடையாது, ஐந்நூறு ரூபாய் கழித்துக்கொண்டு வேறு கார்டாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். சரி என்றேன். இந்த முறை ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 6 ஜிபி, ஒன்பதாயிரத்து ஐந்நூறு. கையிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு போட வேண்டியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: நான் கார்டை வெளியில் ஒருவரிடம் காட்டிவிட்டு வந்துதான் பணம். கடைப் பையனையும் கூடவே அனுப்பினார்.

அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி, மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வீஸ் பெஞ்ச். நாலடிக்கு நாலடி இடம். ஐம்பது வயது இருக்கும் அந்த அண்ணனுக்கு. முதலில் எங்கள் பழைய கார்டைக் கையில் வாங்கியதும் கவரைக்கூடக் கழற்றாமல் பக்கவாட்டில் விரலை வைத்துத் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்த்தார். "தெர்மல் பேட்ல எண்ண கசியுது. மைனிங்ல ராத்திரி பகலா ஓடினது" என்றார். மைனிங்கில் ஓடியதாலேயே கார்டு கெட்டுப்போய்விடாது, ஃபேனும் சூட்டைக் கடத்தும் அந்தப் பேடும்தான் தேயும், பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை நிரல்) மாற்றியிருந்தால் பழையதை ஏற்றிக்கொள்ளலாம் என்று பையனுக்கு நிதானமாக விளக்கினார். "தம்பி, பேர எவன் வேணாலும் மாத்திடுவான். எண்ணிக்கைய பாரு." பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டை 1060 என்று காட்டும்படி பயாஸ் மாற்றி விற்றவர்களையும், ஜிபியு-இசட் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று காட்டிக்கொடுப்பதையும் அவரே சொன்னார். 2003-ல் கவுண்டரில் இருந்த பெரியவரின் குரலே எனக்குக் கேட்டது.

1660 சூப்பரை மாட்டினார். ஷேடர் 1408, நினைவக வகை ஜிடிடிஆர்6, சரியாக இருந்தது. நாற்பத்தைந்து நிமிஷம் ஓடவிட்டார். நடுவில் எங்களை டீ குடிக்க அனுப்பினார். வந்து பார்த்தால் ஒரு பழைய பில் பின்புறம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை எழுதி வைத்திருக்கிறார். 73 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. மூன்று டிஸ்ப்ளே போர்ட்டிலும் கேபிள் மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தார். கூலி இருநூறு ரூபாய். ஐந்நூறு கொடுத்தேன், முந்நூறைத் திருப்பி என் சட்டைப் பையிலேயே வைத்தார். ஜெர்மனியில் இப்படி ஒருவர் முக்கால் மணி நேரம் எனக்காக உட்கார்ந்தால் கார்டு விலை வந்துவிடும். அந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, இந்த மனிதர் இல்லை.

ஊரில் பழைய கார்டு வாங்க நினைப்பவர்களுக்கு, நான் பார்த்தவரை 1660 சூப்பர்தான் இன்றைக்குக் கணக்குக்கு ஒத்து வருகிறது. 580-ஐவிடத் தெளிவாக வேகம், 125 வாட் போதும், டிரைவரும் இன்னும் வருகிறது. தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் இரண்டு மாதக் கணக்கெடுப்பில் சுமார் 11 யூனிட் மிச்சம். இலவச மின்சார அளவை ஒட்டி ஓட்டும் வீட்டில் அது பெரிய விஷயம். சென்னை வெயிலில் 60 வாட் சூடு அறைக்குள் குறைவதும் சின்ன விஷயமில்லை. 580 அசல் 2304 ஆக, ஆறாயிரத்துக்குள் கிடைத்தால் எடுக்கலாம். ஜிடிஎக்ஸ் 1650-ல் பல மாடல்களுக்குத் தனி பவர் இணைப்பே வேண்டாம், 75 வாட்டில் ஓடும். எஸ்எம்பிஎஸ் மாற்ற முடியாத ஆபீஸ் மெஷினுக்கு அது, மற்றவர்களுக்கு வேண்டாம், 4 ஜிபிதான். டூம்: தி டார்க் ஏஜஸ் போல ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிடும்) வன்பொருளைக் கட்டாயம் கேட்கும் கேம்கள் வேண்டுமென்றால் இதில் எதுவுமே உதவாது, ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சாதா 2060-க்கே எனக்குப் பதின்மூன்றாயிரம் சொன்னார்கள்.

நேற்று பையன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கூடப் படிக்கும் பையனுக்கு ஒரு கார்டு பார்க்கப் போயிருக்கிறான். கடையின் டெஸ்ட் பெஞ்சில் ஜிபியு-இசட் திறந்து வைத்து, ஷேடர் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறான். 2304. கீழே எழுதியிருந்தான்: "மாமா, அந்த அண்ணன்கிட்ட காட்டிட்டு வாங்கறோம்."