பாதி விலைக்கு வந்திருக்கும் போக்கர் பயிற்சி ஆப்: வாங்கலாமா?

சந்தாவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களே, வாங்கட்டுமா என்று நண்பர் கேட்டார். ரொம்ப நாளாகப் பயன்படுத்துகிறேன் என்பதால் எழுதுகிறேன். ஆப்பின் பெயர் வேண்டாம். டெக்சாஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு, மேசையில் பொதுவாக ஐந்து சீட்டு வைத்து ஆடும் போக்கர்) சீட்டைக் காட்டி காலா (எதிராளி போட்டதற்கு ஈடாகக் கட்டுவது), ஃபோல்டா (விட்டுவிட்டு விலகுவது), ரெய்ஸா (இன்னும் கூட்டிப் போடுவது) என்று கேட்கும் வகை.

கால் பண்ணும் கணக்கை இவ்வளவு நன்றாக எனக்குள் ஏற்றியது வேறு எதுவும் இல்லை. பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத்தில் 100 சிப்ஸ் இருக்கிறது, எதிராளி 50 போடுகிறார். நாமும் 50 கட்டினால் மொத்தம் 200, ஆக ஜெயிக்க 25 சதவீத வாய்ப்பு இருந்தால் கட்டலாம். ஃப்ளாப்பில் (மேசையில் முதல் மூன்று சீட்டு விழுந்ததும்) நாலு ஆட்டின் சேர்ந்து, ஃப்ளஷுக்காக (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) ஐந்தாவதற்குக் காத்திருக்கிறோம் என்றால், கண்ணில் படாத 47 சீட்டில் 9 நமக்கு ஆகும், அடுத்த சீட்டிலேயே விழ 19 சதவீதம்தான். பத்தாது. ஃப்ளஷ் விழுந்த பிறகும் அவர் இன்னும் கட்டுவார் என்ற நம்பிக்கை இருந்தால் கால், இல்லையென்றால் ஃபோல்டு. இப்போது இதெல்லாம் யோசிக்காமலே வருகிறது.

எரிச்சல் எல்லாம் ப்ளஃப்பில்தான், அதாவது நல்ல சீட்டு இல்லாமலே பெரிதாகப் போட்டு எதிராளியை விலகவைப்பதில். மேசையில் மூன்று ஆட்டின், என் கையில் ஆட்டின் ஏஸ் மட்டும், ரிவர் (கடைசிச் சீட்டு) வரை நாலாவது ஆட்டின் மேசைக்கு வரவில்லை. 100 பாட்டுக்கு 75 போடு என்கிறது ஆப். காரணம் நியாயமானதுதான்: ஏஸ் என்னிடம் இருப்பதால் இருப்பதிலேயே பெரிய ஃப்ளஷ் வேறு யாரிடமும் இருக்க முடியாது, ஏழு தடவையில் மூன்று தடவை எதிராளி ஃபோல்டு பண்ணினாலே நஷ்டமில்லை. ஆனால் எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் (காசு கிடையாது, சிப்ஸ் மட்டும்தான்) யார் ஃபோல்டு பண்ணுகிறார்கள்? கையில் ஒரு சின்ன ஜோடி இருந்தால் போதும், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, காட்டு பார்ப்போம்" என்று கட்டிவிடுவார்கள். அவர்களிடம் ப்ளஃப் அடிக்காமல் செக் பண்ணுவதுதான் (எதுவும் போடாமல் விடுவதுதான்) சரி, அதையே ஆப்பில் செய்தால் சிவப்பு எழுத்தில் தப்பு என்று போட்டு மதிப்பெண்ணைக் குறைக்கிறது.

எதிராளி பிழையே செய்யமாட்டார் என்று வைத்துப் போடுகிற கணக்கு இது. 2017இல் லிப்ராட்டஸ் என்ற போக்கர் ஆடும் கணினி நிரல் 1,20,000 ஆட்டங்களில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்ததும் இந்த வழியில்தான், சரி, ஆனால் அவர்கள் ஃபோல்டு பண்ணத் தெரிந்தவர்கள். "இந்த ஆள் எதற்கும் கால் பண்ணுவார்" என்று குறித்துவைக்க ஒரு வசதி கேட்டு எத்தனையோ தடவை எழுதிவிட்டேன், பரிசீலிக்கிறோம் என்ற அதே பதில்தான் வருகிறது. ப்ளஃப்பில் பாதி வித்தை ஆளைப் பார்ப்பதில் இருக்கும்போது ஆளையே கணக்கில் சேர்க்காத பயிற்சிக்குப் பாதி விலையும் அதிகம். வாங்காதீர்கள். இலவசப் பகுதியிலேயே கால் கணக்கு முழுசாக இருக்கிறது.