சிவில் 3டி: லாங் செக்‌ஷன் போடுபவர்களுக்கு மட்டும்

நான் செய்வது பெரும்பாலும் மாவட்ட ரோடு அகலப்படுத்தும் வேலை. ரோடு டிசைன் மென்பொருளான சிவில் 3டி-யை வாங்கலாமா என்று கேட்கிற சர்வேயர்களுக்கு என் பதில் இதுதான்: ரோட்டின் நீளவாக்கு ஏற்ற இறக்கத்தைக் காட்டும் லாங் செக்‌ஷனை நீங்களே டிசைன் செய்வதென்றால் வாங்குங்கள். லெவல் எடுத்துக் கொடுப்பதோடு வேலை முடிகிறதென்றால் வேண்டாம், சந்தா கட்டி மாளாது.

சர்ஃபேஸும் (தரையின் 3டி மாதிரி) அலைன்மென்ட்டும் (ரோட்டின் சென்டர்லைன்) இருந்தால் தரைக்கோடு உடனே வந்துவிடும். சென்டர்லைனை இரண்டு மீட்டர் தள்ளினாலும் தானே மாறிக்கொள்ளும். நாம் போட்ட எஃப்ஆர்எல் (முடிந்த ரோட்டின் லெவல்) மட்டும் தரையைப் பார்த்து ஏறி இறங்காது. அதுவும் சரிதான், ரோடு லெவலை மென்பொருளா முடிவு செய்வது?

எனக்குப் பிடித்தது கர்வ் செட்டிங்ஸ். கே மதிப்பை (கிரேடு, அதாவது சரிவு, ஒரு சதவீதம் மாறத் தேவையான வளைவு நீளம், மீட்டரில்) கொடுத்துவிட்டால் ஒவ்வொரு வளைவின் நீளத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். 80 கிமீ வேகத்துக்கு ஐஆர்சி (இந்திய ரோடு காங்கிரஸ்) சொல்லும் நிறுத்தப் பார்வைத் தூரம் (தடையைப் பார்த்து வண்டியை நிறுத்தத் தேவையான தூரம்) 120 மீட்டர். அதை வைத்துக் கணக்கிட்டால் மேட்டு வளைவுக்கு கே 32.7, பள்ள வளைவுக்கு 25.3. கிரேடு வித்தியாசம் குறைவான இடத்தில் இந்தக் கணக்குப்படி வளைவு துக்கடாவாகிவிடும்; ஐஆர்சி குறைந்தது 50 மீட்டர் கேட்கிறது, அங்கே நீளத்தை நீங்களே போடுங்கள். 'பிஎஸ்இ' கட்டளையில் செயினேஜும் (தொடக்கத்திலிருந்து உள்ள தூரம்) லெவலும் தட்டி பிவிஐ (இரண்டு சரிவுக் கோடுகள் சந்திக்கும் புள்ளி) வைக்கலாம். பழைய பாலத்தின் டெக் லெவல் மாதிரி விட்டுக்கொடுக்க முடியாத இடங்களுக்கு வேறு எதுவும் தேவையில்லை.

அப்புறம் கல்வெர்ட், அதாவது ரோட்டுக்கடியில் தண்ணீர் போகும் குழாய். பள்ள வளைவில் தண்ணீர் பிவிஐ-க்கு நேர் கீழே நிற்கும் என்றே பலர் நினைக்கிறார்கள். -2 சதவீதத்தில் இறங்கி +0.5-ல் ஏறும் ரோட்டில், கே 25.3 என்றால் வளைவு 63 மீட்டர். ஆனால் மிகத் தாழ்ந்த இடம் பிவிஐ-யைத் தாண்டி 19 மீட்டர் தள்ளி, சரிவு குறைந்த பக்கத்தில் இருக்கும். பிவிஐ-யில் குழாய் பதித்தால் மழைக்குப் பிறகு ஊர்க்காரர்கள் நம்மைத் தேடுவார்கள். லோ பாயின்டின் செயினேஜை லேபிளிலேயே காட்டலாம் என்பதற்காகவே இதற்குக் காசு கொடுக்கலாம்.

டிசைன் கிரைட்டீரியாவில் (வளைவுகளைச் சரிபார்க்கும் விதிகளில்) ஆஷ்டோ (அமெரிக்க ரோடு விதிமுறை) கோப்பை நம்பி ஓட்டாதீர்கள். எடிட்டரில் ஐஆர்சி மதிப்புகளைப் போட்டுத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டால், மீறும் வளைவில் எச்சரிக்கைக் குறி வந்து நிற்கும். லேபிள் ஸ்டைல்கள் மட்டும் கடல். நன்றாகப் பழகிய ஒருவரிடம் டெம்ப்ளேட் கேட்டு வாங்கிவிடுங்கள்.