செற்-ஆர்பிஎல்ஏ கிட்: யாழ்ப்பாணத்துச் சின்ன ஆய்வுகூடத்துக்கு வாங்கலாமா?

ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியா உணவில் விட்டுப்போகும் நஞ்சைப் பிடிக்கிற கிட்தான் செற்-ஆர்பிஎல்ஏ. நஞ்சின் ஏ, பி, சி, டி என்ற நாலு வகைகளைத் தேடும். ஒக்சொயிட் என்ற வணிகப் பெயரில் வருகிறது. எலைசா சோதனைக்கு வேண்டிய நிறம் அளக்கும் வாசிப்பான் வேண்டாம், தட்டைக் கழுவும் வேலையும் இல்லை. மைக்ரோபிப்பெற், வி வடிவ அடியுள்ள 96 குழித் தட்டு, மையநீக்கி இருந்தால் வேலை நடக்கும். சின்ன இடத்துக்கு இதுவே பெரிய வசதி.

நஞ்சு 27–28 கிலோடால்ரன் அளவுள்ள ஒற்றைச் சங்கிலிப் புரதம். பி வகையில் 239 அமினோ அமிலங்கள். இரண்டு பகுதிகளாக இறுக மடிந்திருக்கும். இரு சிஸ்ரீன்களை இணைக்கும் டைசல்பைட் வளையமும் உண்டு. வயிற்றில் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் இதை இலேசில் வெட்டாது. கறியைத் திரும்பக் கொதிக்க வைத்தால் பற்றீரியா செத்துவிடும், நஞ்சு பெரும்பாலும் அப்படியே கிடக்கும். எனவே சாப்பிட்டு 1–6 மணித்தியாலத்தில் வாந்தி என்றால், வளர்ப்புத் தட்டில் ஒன்றும் முளைக்காவிட்டாலும் உணவைக் குற்றமற்றது என்று விட முடியாது. அந்த இடத்தில்தான் கிட் கைகொடுக்கிறது.

10 கிராம் மாதிரியை 10 மில்லிலீற்றர் உப்புநீரில் அரைத்து, குளிரில் சுழற்றி, தெளிவை வடிகட்ட வேண்டும். றோல்ஸ் என்றால் பொரித்த மேல்தோலை விட்டு உள்ளிருக்கும் கறியை எடுங்கள். புரதத்தை ஒட்டவைக்காத வடிகட்டிதான் தேவை. கையில் கிடைத்த நைத்திரோசெலுலோசைப் போட்டால் நஞ்சு அதிலேயே ஒட்டிக்கொள்ளும், விடை பொய்யாக ‘இல்லை’ என்று வரும்.

ஒரு மாதிரிக்கு எட்டுக் குழியாக ஐந்து வரிசை: ஏ, பி, சி, டி, ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாடு. குழிக்கு 25 மைக்ரோலீற்றர், இரட்டிப்பு ஐதாக்கல் (குழிக்குக் குழி செறிவு பாதியாகும்), கடைசிக் குழியில் ஐதாக்கி மட்டும். பிறகு 25 மைக்ரோலீற்றர் லேற்றெக்ஸ், அதாவது நஞ்சைப் பிடிக்கும் பிறபொருளெதிரி பூசிய நுண்மணிகள் (கட்டுப்பாட்டு வரிசைக்கு அது பூசாத மணிகள்). 20–24 மணித்தியாலம் அசையாமல் வைத்துவிட்டு, கறுப்புத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். நஞ்சு இருந்தால் அடி முழுக்க மெல்லிய படலம். இல்லாவிட்டால் நடுவில் இறுகிய வெள்ளைப் பொட்டு. கட்டுப்பாட்டு வரிசையும் படலம் கட்டினால் கொழுப்பு, துகள், பற்றீரியாவின் ‘புரதம் ஏ’ (ஏ வகை நஞ்சு அல்ல) என்று ஏதோ குறுக்கிடுகிறது. நஞ்சு வரிசை அதைவிடக் கூடிய ஐதாக்கல் வரை போனால்தான் ‘உண்டு’ என்று எழுதலாம்.

நம்மூரில் கெடுக்கிறது சூடும் குலுக்கலும். கிட் எதிர்பார்க்கிற அறை 25 பாகை அளவு. சித்திரை வெயிலில் மூடாத தட்டு விடியமுன் வற்றிவிடும். ஈரத் தாள் போட்ட மூடிய பெட்டி, ஏசி அறை. மின்வெட்டுக்கு ஜெனரேற்றர் போடும் பக்கத்து மேசை வேண்டவே வேண்டாம், குலுங்கினால் பொட்டு சிதறிவிடும். கொழும்பிலிருந்து பஸ்ஸில் கிட் வரும்போது ஐஸ் பொதி போத்தலில் முட்டாமல் இடையில் தடித்த மட்டை வையுங்கள். லேற்றெக்ஸ் ஒருமுறை உறைந்தால் குப்பைதான்.

உண்மையான குறை உணர்திறனில். 0.5 நனோகிராம்/மில்லிலீற்றர் வரை பிடிக்கும் என்பது நல்ல எண்தான். ஆனால் 2000இல் ஒசாக்காவில் 13,000க்கு மேற்பட்டோரை விழுத்திய பாலில் ஏ வகை அதிகபட்சம் 0.38 அளவே இருந்தது. அந்தப் பாலுக்குப் பயன்பட்ட பால்மாவில் எச் வகை நஞ்சும் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. எச்சுக்கு இந்தக் கிட்டில் வரிசையே இல்லை.

ஆகவே பொது சுகாதாரப் பரிசோதகர் கொண்டுவரும் சந்தேக உணவுக்கு வாங்கலாம். கடைகளுக்கு ‘நஞ்சில்லை’ என்று சான்றிதழ் எழுதவென்றால் வாங்காதீர்கள். மாதிரியில் பாதியை −20 பாகையில் வையுங்கள். நாலு வரிசையும் பொட்டாக வந்து, ஆட்கள் உண்மையிலேயே வாந்தி எடுத்திருந்தால், அதைச் செறிவாக்கித் திரும்பப் போடவும், அதிலிருந்து எடுத்த பற்றீரியாவில் மற்ற நஞ்சு வகைகளின் மரபணுக்களை பிசிஆரில் (மரபணுவைப் பெருக்கிக் காணும் சோதனை) தேடவும் அது வேண்டிவரும்.